பீட்டர் ஃபால்க் ஒரே மழைக்கோட்டுக்குள் வாழ்ந்து முடித்தவரா?

ஒரு வாசகரின் கேள்வி, ஜனவரி 11

கசங்கிய மழைக்கோட்டோடு வரும் துப்பறிவாளரின் கதையான ‘கொலம்போ’ என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரை இப்போதுதான் முழுக்கப் பார்த்து முடித்தேன். பிரமாதம். ஆனால் ஒன்று உறுத்துகிறது. பீட்டர் ஃபால்க் நாற்பது வயதில் ஒரு வேடத்தைப் பிடித்தார், எழுபத்தைந்து வயதுவரை அதையே நடித்தார். ஒரு நடிகருக்கு இது வீணாய்ப் போன வாழ்க்கை இல்லையா? அதிர்ஷ்டத்தில் ஒரு மழைக்கோட்டு கிடைத்தது, அதற்கு மேல் அவரிடம் என்ன இருந்தது?

ஜனவரி 11, இரவு

இல்லவே இல்லை. கொலம்போ வருவதற்கு முன்பே, அடுத்தடுத்த இரண்டு ஆண்டுகளில் துணை நடிகருக்கான ஆஸ்கர் பரிந்துரை வாங்கியவர் அவர். 1960இல் வந்த ‘மர்டர், இங்க்.’ படத்தில் ஏப் ரெலஸ் என்கிற கூலிக் கொலைகாரன். 1961இல் இயக்குநர் ஃபிராங்க் காப்ராவின் கடைசிப் படமான ‘பாக்கெட்ஃபுல் ஆஃப் மிரக்கிள்ஸ்’. அமெரிக்கத் தொலைக்காட்சி விருதான எம்மியில் முதலாவது மட்டும்தான் கொலம்போவுக்காக வந்தது. தூக்கம் வருகிறது, மீதியை நாளைக்கு எழுதுகிறேன்.

ஜனவரி 12, காலை

நேற்று எழுதியது தப்பு. முதல் எம்மியும் கொலம்போவுக்காக வரவில்லை. 1962லேயே வாங்கிவிட்டார், ‘தி பிரைஸ் ஆஃப் டொமேட்டோஸ்’ என்ற ஒற்றை நாடகத்துக்கு. தக்காளி ஏற்றிப் போகும் லாரி ஓட்டுநர், வழியில் ஒரு கர்ப்பிணிப் பெண்ணை ஏற்றிக்கொள்கிறார், கதை அவ்வளவுதான். மொத்தம் ஐந்து எம்மி, அதில் நான்குதான் கொலம்போ கணக்கு. என் தவறே என் கட்சிக்கு வலு சேர்க்கிறது என்பதில் சந்தோஷம்.

ஜனவரி 12, மதியம்

அதிர்ஷ்டம் என்று சொன்னீர்களே, அதற்கு முதலிலிருந்து வர வேண்டும்.

ஃபால்க் 1927இல் நியூயார்க்கில் பிறந்தவர். ஆஸினிங் என்ற ஊரில் வளர்ந்தார், சிங் சிங் சிறை இருக்கிற ஊர். அப்பா துணிக்கடை வைத்திருந்தார். மூன்று வயதில் கண்ணில் புற்றுநோய் வந்து வலது கண்ணை எடுத்துவிட்டார்கள். அதன் பிறகு வாழ்நாள் முழுக்கக் கண்ணாடிக் கண். ராணுவத்தில் சேரப் போனபோது கண்ணைக் காரணம் காட்டித் திருப்பி அனுப்பினார்கள். சரக்குக் கப்பலில் சமையல் வேலைக்குச் சேர்ந்தார். திரும்பி வந்து இலக்கியமும் அரசியலும் படித்தார், அப்புறம் சிராக்யூஸ் பல்கலைக்கழகத்தில் பொது நிர்வாகத்தில் முதுகலை. 1953இல் அதை முடித்துவிட்டு கனெக்டிகட் மாநிலத்தின் பட்ஜெட் அலுவலகத்தில் ஆய்வாளர் ஆனார். வேலைத்திறனை எப்படிக் கூட்டுவது என்று மற்ற அலுவலகங்களுக்குச் சொல்லித்தருகிற வேலை. முதல் நாளே அந்தக் கட்டடம் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க முடியாமல் தாமதமாகப் போய்ச் சேர்ந்ததாக அவரே சொல்லியிருக்கிறார்.

அந்தத் தாமதத்தில்தான் எல்லாம் ஆரம்பித்தது. ஹார்ட்ஃபோர்டில் அலுவலகம் முடிந்ததும் அமெச்சூர் நாடகக் குழுவில் நடித்துக்கொண்டிருந்தார். வெஸ்ட்போர்ட்டில் ஈவா லெ கலியென் என்ற பெரிய நாடக நடிகை, தொழில்முறை நடிகர்களுக்கு மட்டும் வகுப்பு எடுப்பதாகக் கேள்விப்பட்டு, தானும் தொழில்முறை நடிகன்தான் என்று பொய் சொல்லிச் சேர்ந்தார். ஒவ்வொரு வாரமும் ஹார்ட்ஃபோர்டிலிருந்து காரோட்டிப் போக வேண்டும், ஒவ்வொரு வாரமும் தாமதம். ஒரு நாள் அந்த அம்மாள் ஏன் எப்போதும் லேட் என்று கேட்டார். ஹார்ட்ஃபோர்டிலிருந்து வருகிறேன் என்றார் இவர். அங்கேதான் நாடகக் கம்பெனியே இல்லையே, நடித்து எப்படிப் பிழைக்கிறாய் என்று அடுத்த கேள்வி. உண்மையைச் சொல்லிவிட்டார். நான் தொழில்முறை நடிகன் இல்லை. அதற்கு அந்த அம்மாள், அப்படியானால் நீ ஆக வேண்டும் என்றார்.

ஃபால்க் வண்டியைத் திருப்பிக்கொண்டு போய் அரசு வேலையை விட்டார். 1956, வயது இருபத்தெட்டு.

இதைக் கேட்டால் அந்த அம்மாள் வாயிலிருந்து வந்த வார்த்தைதான் அதிர்ஷ்டம் என்று தோன்றும். ஆனால் வேலைநாள் முடிந்த பிறகு வாராவாரம் அவ்வளவு தூரம் காரோட்டிப் போன மனிதரை யோசித்துப் பாருங்கள்.

ஜனவரி 14

நான் ஏன் இவருக்காக இவ்வளவு மல்லுக்கட்டுகிறேன் என்று கேட்டிருந்தீர்கள். சொல்கிறேன்.

மூன்றாம் வகுப்பு படிக்கும்போது கிட்டிப்புள் ஆடுகையில் புள் பறந்து வந்து என் இடது கண்ணில் அடித்தது. பார்வை போய்விட்டது. ஒற்றைக் கண்ணோடு வாழ்கிறவர்களுக்குத் தூரமும் ஆழமும் சரியாகப் பிடிபடாது. இன்றைக்கும் டம்ளரின் விளிம்பில் பாத்திரத்தைத் தொடவைத்துக்கொண்டுதான் காபி ஊற்றுகிறேன். யாரோடு நடந்தாலும் அவரை வலப்பக்கம் வரச் சொல்வேன், இல்லையென்றால் அவர் பேசுவது கேட்கும், ஆள் இருக்கமாட்டார். ஒற்றைக் கண்ணுக்கு மூக்கு ஒரு சுவர். கண் இல்லாத பக்கமாக முகத்தைக் கொஞ்சம் திருப்பினால்தான் எதிரில் இருப்பது முழுசாகக் கிடைக்கும்.

கல்லூரியில் விடுதி நாள் நாடகத்துக்கு ஆள் எடுத்தார்கள். எனக்கு வசனம் மனப்பாடம், குரலும் பரவாயில்லை. நாடகத்தை நடத்தியவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “மேடையில் நின்றால் எல்லோரும் உன் கண்ணைத்தான் பார்ப்பார்கள்” என்றார். திரை இழுக்கும் வேலை கொடுத்தார். அவர் கெட்டவர் இல்லை, பாவம் என்று நினைத்துத்தான் சொன்னார். நான் அதோடு மேடைப் பக்கம் போகவில்லை.

ஆறேழு வருஷம் கழித்து, ஒரு மழைக்காலத்து ராத்திரியில் நண்பன் அறையில் கொலம்போ பார்த்தேன். கதவுவரை போய்விட்டு, நெற்றியில் கையை வைத்துக்கொண்டு, தலையை ஒரு பக்கம் சாய்த்துத் திரும்பினார் பாருங்கள். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. அது நான் திரும்புகிற விதம். அவருக்கும் ஒரு கண்தான் என்று அப்போது எனக்குத் தெரியாது. பார்த்தே கண்டுபிடித்தேன்.

அந்தத் தலைச்சாய்வு நடிப்பில்லை, உடம்பு. அதுதான் கொலம்போவைச் செய்தது என்பது என் முடிவு.

ஜனவரி 15

பள்ளிக்கூடத்துக் கதை ஒன்று விட்டுப்போயிற்று. பேஸ்பால் ஆட்டத்தில் மூன்றாம் பேஸில் இவரை அவுட் என்று நடுவர் சொல்லிவிட்டார். இவருக்கோ தான் அவுட் இல்லை என்று உறுதி. கண்ணாடிக் கண்ணைக் கழற்றி நடுவரிடம் நீட்டி, இதை வைத்துக்கொள்ளுங்கள், இன்னும் நன்றாகத் தெரியும் என்றாராம். இதைப் படித்த அன்று முழுக்கச் சிரித்துக்கொண்டே இருந்தேன்.

ஜனவரி 18

நியூயார்க் வந்ததும் நடந்தது. 1956இல் யூஜின் ஓநீலின் ‘தி ஐஸ்மேன் கமத்’ நாடகம், ஜேசன் ரோபார்ட்ஸ் நாயகன், ஃபால்க் மதுக்கடைப் பரிமாறுபவர். மேடையில் பெயர் கிடைத்தது. சினிமாவுக்கு மட்டும் ஆசைப்படாதே, கண் இப்படி இருக்கிறது என்று ஏஜெண்ட் சொன்னார். கொலம்பியா ஸ்டுடியோவில் திரைச்சோதனை எடுத்தார்கள். அதன் தலைவர் ஹாரி கோன், இதே காசுக்கு இரண்டு கண் இருக்கிற நடிகன் எனக்குக் கிடைப்பான் என்றார்.

இந்த வரியை முதலில் படித்தபோது சிரித்தேன். அன்று இரவு படுத்த பிறகு சிரிப்பு வரவில்லை, திரை இழுக்கிற கயிறு ஞாபகம் வந்தது. எனக்குச் சொல்லப்பட்டதும் இதுவும் ஒன்றுதான். அவர் அதைக் கேட்டுவிட்டு வேலைக்குப் போனார். அடுத்த சில ஆண்டுகளில் ஆஸ்கர் அரங்கில் உட்கார்ந்திருந்தார்.

அந்த அரங்கில் நடந்ததையும் சொல்ல வேண்டும். 1961 விழாவில் துணை நடிகர் விருதுக்குப் பெயர் படிக்கிறார்கள். “பீட்டர்” என்று காதில் விழுந்ததும் இவர் எழுந்துவிட்டார். பின்பாதி “உஸ்தினோவ்”. ‘ஸ்பார்டகஸ்’ படத்துக்காக அந்த விருது பீட்டர் உஸ்தினோவுக்குப் போனது.

ஜனவரி 19

‘அதிர்ஷ்டத்தில் கிடைத்த கோட்டு’ என்பதற்கு நேரடிப் பதில்.

கொலம்போ பாத்திரம் ஃபால்க்குக்காக எழுதப்பட்டதில்லை. ரிச்சர்ட் லெவின்சன், வில்லியம் லிங்க் என்ற இரண்டு நண்பர்கள் எழுதியது. 1960இல் தொலைக்காட்சியில் பெர்ட் ஃபிரீட் நடித்தார், யாருக்கும் நினைவில்லை. 1962இல் மேடையில் தாமஸ் மிட்செல் நடித்தார், அதுவே அவருடைய கடைசி வேடம். 1968இல் ‘பிரிஸ்கிரிப்ஷன்: மர்டர்’ என்ற பெயரில் தொலைக்காட்சிப் படமாக்க நினைத்தபோது எழுத்தாளர்கள் லீ ஜே. காப், பிங் கிராஸ்பி என்று யோசித்தார்கள். ஒருவருக்கு நேரமில்லை, மற்றவர் மறுத்துவிட்டார். நாற்பது வயது ஃபால்க் அவர்கள் மனத்திலிருந்ததைவிட ரொம்ப இளையவர். ஆக, இதே வேடம் அவருக்கு முன்னால் இரண்டு பேர் கையில் இருந்தது. கோட்டு மட்டும் போதுமென்றால் அவர்களிலேயே ஒருவர் கொலம்போ ஆகியிருக்க வேண்டும்.

இன்னொன்று. 1965இல் ‘தி டிரையல்ஸ் ஆஃப் ஓ’பிரையன்’ என்று ஒரு வழக்கறிஞர் தொடரில் நாயகனாக நடித்தார். ஒரே பருவம், 22 பகுதிகள், நிறுத்திவிட்டார்கள். அவருக்கு அந்தத் தொடர்மேல் தனிப் பிரியம் இருந்தது. இதெல்லாம் நடந்த பிறகுதான் கொலம்போ வருகிறது. காத்திருந்தவர் கையில் கிடைத்தது.

ஜனவரி 20

கோட்டும் அவருடையதுதான். நியூயார்க்கில் 57ஆவது தெருவில் நடந்துபோகும்போது மழை பிடித்துக்கொள்ள, கடைக்குள் நுழைந்து வாங்கினார். படப்பிடிப்புக்கு அதையே கொண்டுவந்தார். பழைய பெஜோ 403 காரை ஸ்டுடியோவின் வண்டிக் கொட்டகையில் தேடிப் பிடித்தவரும் அவரே. கொலம்போவுக்கு ஒரு நாயும் கொடுக்கலாம் என்றபோது மட்டும் வேண்டாம் என்றார், கோட்டு, கார், சுருட்டு எல்லாம் ஏற்கெனவே இருக்கிறதே என்று. அப்புறம் அந்த பாசெட் நாய் காதைத் தொங்கப்போட்டுக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்ததைப் பார்த்ததும் மனம் மாறிவிட்டார்.

ஜனவரி 23

வேறொரு இடத்தில், “இன்னும் ஒரே ஒரு விஷயம்” என்று வாசல்வரை போய்த் திரும்புவதும் ஃபால்க் கண்டுபிடித்ததே என்று எழுதியிருந்தேன். திருத்துகிறேன். அது எழுத்தாளர்களுடையது. ஒரு காட்சியில் கொலம்போவைச் சீக்கிரமே வெளியே அனுப்பிவிட்டார்கள், காட்சி நீளம் போதவில்லை. முழுப் பக்கத்தையும் மறுபடி தட்டச்சு செய்ய மனமில்லாமல், வாசலிலிருந்து திரும்பி வரவைத்து இன்னொரு கேள்வி கேட்கவைத்தார்கள். தட்டச்சுச் சோம்பலில் பிறந்தது, ஃபால்க் அதற்கு ஒரு நடை கொடுத்தார்.

ஜனவரி 27

இது நீளமாக வரும். ஒரே கோட்டுக்குள் வாழ்ந்தார் என்ற குற்றச்சாட்டுக்கு என்னிடம் இருக்கிற கனமான பதில் இதுதான்.

முதலில் கணக்கு. 1971 முதல் 1978 வரை ஏழு பருவங்களில் கொலம்போ வந்தது 43 பகுதிகள். அக்காலத்து வாராந்திரத் தொடர் இரண்டு வருஷத்துக்குள் இதைத் தாண்டிவிடும். என்பிசி தொலைக்காட்சி இதை மெக்கிளவுட், மெக்மில்லன் தொடர்களோடு மாற்றி மாற்றிப் போட்டது. அதனால் வருஷத்தில் பெரும்பகுதி ஃபால்க் கையில் மிச்சமிருந்தது. அதை எப்படிச் செலவழித்தார் என்று பாருங்கள். ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் என்ற 24 வயதுப் பையன் இயக்கிய முதல் பகுதி 1971 செப்டம்பரில் ஒளிபரப்பானது. அதே நவம்பரில் ஃபால்க் நியூயார்க்கின் நாடக அரங்குகள் இருக்கிற பிராட்வேயில் நீல் சைமனின் புதிய நாடகத்தில் மேடையேறிவிட்டார். உடன் நடித்தவர் லீ கிரான்ட், அந்த வருஷத் தொடக்கத்தில்தான் கொலம்போவின் இரண்டாவது முன்னோட்டப் படத்தில் கொலைகாரியாக வந்திருந்தார்.

அப்புறம் நடிகரும் இயக்குநருமான ஜான் கசாவெட்டிஸ். தொடர் தொடங்கும் முன்பே ‘ஹஸ்பண்ட்ஸ்’ படத்தில் இவர், கசாவெட்டிஸ், பென் கசாரா மூவரும் நடித்தார்கள். 1972இல் கசாவெட்டிஸ் கொலம்போவுக்குள் வந்து இசை நடத்துநர் கொலைகாரனாக நடித்தார். அந்தப் பகுதியைத் திரும்பப் பாருங்கள், இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் ரசித்துக்கொண்டே பிடிபடாமல் ஓடுகிறார்கள்.

கசாவெட்டிஸுக்கு அப்போது ‘எ வுமன் அண்டர் தி இன்ஃப்ளுயன்ஸ்’ எடுக்கப் பணம் வேண்டியிருந்தது. மனம் சிதறிக்கொண்டிருக்கிற ஒரு நடுவயதுப் பெண்ணின் கதை, எந்த ஸ்டுடியோவும் தொடவில்லை. கசாவெட்டிஸ் வீட்டை அடமானம் வைத்தார். ஃபால்க் சொந்தப் பணம் 5 லட்சம் டாலர் போட்டார். அது சாதாரணத் தொகை இல்லை. ஒரு வணிகத் தொலைக்காட்சித் தொடரில் பேர் வாங்கியவர், யாரும் வாங்காத படத்தில் அவ்வளவு பணத்தை இறக்கினார், தானே நடிக்கவும் செய்தார். படம் முடிந்தும் விநியோகிக்க ஆள் கிடைக்கவில்லை. கசாவெட்டிஸே திரையரங்குகளைப் பிடித்துப் போட்டார். நாயகியாக நடித்த ஜீனா ரோலண்ட்ஸுக்கும் கசாவெட்டிஸுக்கும் ஆஸ்கர் பரிந்துரை வந்தது.

அதில் ஃபால்க் செய்த நிக் என்ற கட்டடத் தொழிலாளியை நீங்கள் பார்த்திருக்கமாட்டீர்கள் என்று நினைக்கிறேன். பார்த்திருந்தால் அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கமாட்டீர்கள். ராத்திரி வேலை முடித்த ஆட்களை வீட்டுக்கு அழைத்துவந்து, காலையில் எல்லோருக்கும் மனைவி ஸ்பகெட்டி பரிமாறுகிற காட்சி. முதலில் பெருமையாக உட்கார்ந்திருக்கிறான். அவள் விருந்தாளிகளிடம் கொஞ்சம் அதிகமாக ஒட்டிப் பேசப் பேச அவன் முகம் இறுகுகிறது. சட்டென்று கத்திவிடுகிறான். மேசை அடங்கிப்போகிறது. கொலம்போவின் பொறுமையில் ஒரு துளிகூட இந்த ஆளிடம் இல்லை. மனைவிமேல் உயிரை வைத்திருக்கிறான், அவளை என்ன செய்வது என்று தெரியவில்லை, ஊர் என்ன சொல்லுமோ என்று பயம். இந்த மாதிரிக் கணவர்களை நான் என் சொந்தத்திலேயே பார்த்திருக்கிறேன். அவர்கள் கத்திவிட்டுச் சாப்பாட்டைத் தொடர்வார்கள், யாரும் ஒன்றும் பேசமாட்டோம்.

அந்தக் கோட்டுதான் இந்தப் படத்துக்குச் சோறு போட்டது. இதை நீங்கள் சிறை என்கிறீர்கள், எனக்கு அது அவருடைய பணப்பெட்டி.

ஜனவரி 28

ஒரு பெரிய திருத்தம். இரண்டு நாளாக மனத்தில் அரித்துக்கொண்டிருந்தது.

ஜனவரி 14இல் தலைச்சாய்வு நடிப்பில்லை, உடம்பு என்று எழுதினேன். நேற்று இரவு 1968 படத்தை மறுபடி போட்டுப் பார்த்தேன். அதில் தலைமுடி ஒழுங்காக வாரியிருக்கிறது. நிமிர்ந்து நிற்கிறார். குரலில் கூர்மை, கொலைகாரனுக்குத் துணைபோன பெண்ணை மிரட்டுகிற இடத்தில் உண்மையாகவே பயமாக இருக்கிறது. நான் சொன்ன சாய்வு, நெற்றிக் கை, தட்டுத்தடுமாறல் எல்லாம் அதில் கொஞ்சம்தான். 1971க்குப் பிறகுதான் பகுதிக்குப் பகுதி அது வளர்கிறது.

இந்த மூன்று வருஷத்தில் அவர் கண் மாறவில்லை. மாறியது அவர் செய்து பார்த்து, வைத்துக்கொண்டு, கூட்டிக்கொண்டே போனது. உடம்பில் ஒரு பழக்கம் இருந்திருக்கலாம், அதை எங்கே எவ்வளவு காட்டுவது என்று முடிவு செய்தது நடிகர். என் கதையை அவர்மேல் ஏற்றி, அவருடைய உழைப்பைக் கண்ணுக்குக் கொடுத்துவிட்டேன். அது ஹாரி கோன் செய்ததற்குக் கிட்டத்தட்ட சமம். அவரும் கண்ணை மட்டும்தான் பார்த்தார். இதை எழுதும்போது எனக்கு உண்மையாகவே கஷ்டமாக இருக்கிறது.

பிப்ரவரி 2

நீங்கள் சொன்னதில் ஒரு பாதியை ஒப்புக்கொள்கிறேன். 1989இல் ஏபிசி தொலைக்காட்சிக்காக மறுபடி கோட்டை மாட்டி 2003 வரை இன்னும் 24 பகுதிகள் நடித்தார். 1968, 1971இல் வந்த இரண்டு முன்னோட்டப் படங்களையும் சேர்த்தால் மொத்தம் 69 ஆனது. இந்தப் பிற்காலத்துப் பகுதிகள் பல இழுக்கின்றன. தடுமாற்றம் சில இடங்களில் அளவு மீறுகிறது, கொலைகாரர்கள் பழைய ஆட்கள் அளவுக்கு இல்லை. ஒரு பகுதிக்கு 6 லட்சம் டாலர் என்று அப்போது செய்தி வந்தது. அதற்கும் கசாவெட்டிஸ் மாதிரி ஒரு கணக்கு இருந்தது என்று சொல்லிச் சமாளிக்க விரும்பவில்லை. கசாவெட்டிஸ் 1989 பிப்ரவரியில் இறந்துவிட்டார், அந்த வாரத்தில்தான் புதிய கொலம்போவும் தொடங்கியது. எனக்கு அந்தத் தேதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் பார்க்கவே பிடிக்காது.

ஆனாலும் 1990இல் இந்தப் புதிய வரிசைக்கும் ஒரு எம்மி வாங்கினார்.

பிப்ரவரி 3

கொலம்போவின் முதல் பெயர் பிலிப்தானே என்று ஒருவர் கேட்டிருக்கிறார். இல்லை. பொது அறிவுக் களஞ்சியம் தொகுத்த ஃபிரெட் வொர்த் என்பவர், யாராவது தன் புத்தகத்தைத் திருடினால் கண்டுபிடிக்க வேண்டும் என்று வேண்டுமென்றே நுழைத்த பொய் அது. ‘டிரிவியல் பர்ஸ்யூட்’ விளையாட்டில் அதே பொய் கேள்வியாக வந்தது. 1984இல் 30 கோடி டாலர் கேட்டு வழக்குப் போட்டு, தோற்றுப்போனார். தொடரில் யாரும் முதல் பெயர் சொல்லி அழைப்பதில்லை. அடையாள அட்டையை நிறுத்திப் பார்த்தால் ‘ஃபிராங்க்’ என்று இருக்கும். கொலம்போவே பிடித்திருக்க வேண்டிய வழக்கு.

பிப்ரவரி 9

எதில் ஆரம்பிப்பது என்று கேட்டீர்கள். ‘எ வுமன் அண்டர் தி இன்ஃப்ளுயன்ஸ்’ உடனே வேண்டாம், மனதைத் தயார் செய்துகொண்டு பாருங்கள். சிரிக்க வேண்டுமென்றால் ஆலன் ஆர்க்கினோடு நடித்த ‘தி இன்-லாஸ்’, 1979. குழந்தைகளோடு என்றால் ‘தி பிரின்சஸ் பிரைட்’, பேரனுக்குக் கதை படித்துக்காட்டும் தாத்தா.

அதே 1987இல் விம் வெண்டர்ஸ் பெர்லினில் எடுத்த ‘விங்ஸ் ஆஃப் டிசையர்’ வந்தது. அதில் ஃபால்க் பீட்டர் ஃபால்க்காகவே வருகிறார். படப்பிடிப்புக்காக பெர்லின் வந்திருக்கும் அமெரிக்க நடிகர், ஒரு காலத்தில் தேவதூதராக இருந்து மனிதராக இறங்கியவர். இடைவேளைகளில் உட்கார்ந்து துணை நடிகர்களின் முகத்தை வரைகிறார். நிஜ வாழ்க்கையிலும் அவர் நன்றாக வரைவார்.

தெருவில் சில பையன்கள் அவரைப் பார்த்து, இது கொலம்போவா என்று தங்களுக்குள் வாதாடி, இருக்காது என்று முடிவுக்கு வந்து போகிறார்கள். அந்த இடத்தில் உங்கள் கேள்வி ஞாபகம் வந்தது.

அப்புறம் காபிக் கடை. ராத்திரி, குளிர். பக்கத்தில் யார் கண்ணுக்கும் தெரியாத தேவதூதன் நிற்கிறான். ஃபால்க்குக்கும் அவனைத் தெரியவில்லை, ஆனால் அங்கே இருக்கிறான் என்று தெரிகிறது. காலியான இடத்தைப் பார்த்துப் பேசுகிறார். குளிர்ந்த கைகளைத் தேய்த்துக்கொண்டால் எவ்வளவு நன்றாக இருக்கும், புகையும் காபியும் சேர்ந்தால் எப்படியிருக்கும் என்று சொல்லிவிட்டு, கையை நீட்டுகிறார்.

பிப்ரவரி 10

அந்தக் காபிக் கடைக் காட்சியை நேற்று இரவு இன்னும் இரண்டு முறை பார்த்தேன். தலை சாய்கிறதா என்று மட்டும் பார்க்கலாமென்று உட்கார்ந்தேன். இரண்டு முறையும் அவர் பேச ஆரம்பித்ததும் அதை மறந்துவிட்டேன்.